ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

திருப்பூரில் காம்பாக்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒருவரிடம் ஜிஎஸ்டி பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஆடிட்டருகிட்ட இருக்குதுங்க" என்பார். உத்யம் சான்றிதழ் எங்கே என்றால், "பிரவுசிங் சென்டர்ல போட்டதுங்க, அந்தப் பையன் போன்ல இருக்கும்." கூகுள் மேப்பில் யூனிட் பெயரைத் தட்டினால் பழைய முகவரி காட்டுகிறதே என்றால், "அக்கா பையன் ஏதோ பண்ணி வெச்சான், இப்ப அவன் பெங்களூர்ல இருக்கறான்." இதே மனிதர் தன் மெஷினில் எந்த பேரிங்கை எப்போது மாற்றினார், எந்தப் பார்ட்டியிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதையெல்லாம் நோட்டைப் புரட்டாமல் சொல்லிவிடுவார்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிறுதொழில்காரர் ஏறி இறங்கிய கவுன்ட்டர்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போய்விட்டன. தொழில் பதிவு, வரி, சரக்கு அனுப்பும் சீட்டு, ஏற்றுமதி எண், உணவு உரிமம், டிரேட்மார்க், வங்கிக் கடன், பாக்கி வராத புகார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தளம் இருக்கிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் நீங்களே செய்துகொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. செய்வது மட்டும் வேறு யாரோ. ஆள் வைத்துச் செய்வதில் தவறே இல்லை; நாள் முழுக்க மெஷின் பின்னால் நிற்கிறவர் வரிச் சட்டம் படித்துக்கொண்டு உட்கார முடியாது. ஆனால் கடையைப் பெருக்க ஆள் வைப்பது வேறு, கல்லாப் பெட்டிச் சாவியை அந்த ஆளின் இடுப்பில் செருகிவிட்டு ஊருக்குப் போவது வேறு. தமிழ்நாட்டுச் சிறுதொழிலில் இன்று நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

முதலில் நல்ல உதாரணத்தைப் பார்த்துவிடலாம்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 அன்று வந்தது. அதற்கு முன்னால் 2015 முதல் உத்யோக் ஆதார் இருந்தது. அதற்கும் முன்னால் மாவட்டத் தொழில் மையத்தில் இரண்டு பாகமாக மனு கொடுக்கும் காலம். தொடங்கும் முன் ஒன்று, உற்பத்தி தொடங்கிய பின் ஒன்று. உத்யமில் ஆதார் எண்ணும் பான் எண்ணும் வந்து விழும் ஓடிபியும் போதும். எந்தக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியதில்லை. முதலீடும் டர்ன்ஓவரும் வருமான வரிக் கணக்கிலிருந்தும் ஜிஎஸ்டி கணக்கிலிருந்தும் தளமே எடுத்துக்கொள்கிறது. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை அரசே மறுபடி உங்களிடம் கேட்காமல் இருப்பது நம் ஊரில் அபூர்வம். அந்த ஒரு காரணத்துக்காகவே உத்யமை வடிவமைத்தவர்களைப் பாராட்டலாம். கட்டணம் கிடையாது. சான்றிதழுக்குக் காலாவதித் தேதியும் கிடையாது.

ஆனால் கூகுளில் போய் உத்யம் என்று தட்டிப் பாருங்கள். அரசுத் தளத்துக்கு முன்னால் விளம்பரமாக வந்து நிற்கும் தனியார் தளங்களைப் பார்க்கலாம். மூவண்ணம் இருக்கும், அரசு முத்திரை போலவே ஏதோ ஒன்று இருக்கும், படிவமும் அச்சு அசலாக இருக்கும். கடைசியில் பணம் கட்டச் சொல்லும். காசே வாங்காத பதிவுக்குக் காசு வாங்கும் இந்த வியாபாரம் ஒளிவுமறைவில்லாமல் நடக்கிறது. தங்கள் தளத்தையும் அரசின் ஒற்றைச் சாளர உதவி மையங்களையும் தவிர வேறு யாருக்கும் இதைச் செய்ய அதிகாரம் தரவில்லை என்று எம்எஸ்எம்இ அமைச்சகம் தன் தளத்தின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்க முதலில் சரியான தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் வேடிக்கை. முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகளும் பெரிதாகிவிட்டன. முதலீடு இரண்டரைக் கோடி, டர்ன்ஓவர் 10 கோடி வரை குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி வரை சிறு நிறுவனம். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தர நிறுவனம். டர்ன்ஓவர் கணக்கில் ஏற்றுமதியைச் சேர்ப்பதில்லை. திருப்பூர், கரூர்க்காரர்களுக்கு இது பெரிய சலுகை. நூறு கோடிக்கு மேல் பில் போடும் ஏற்றுமதியாளரும் உள்நாட்டு விற்பனை குறைவாக இருந்து, முதலீடும் வரம்புக்குள் நின்றால் இன்னும் 'சிறு' நிறுவனம்தான்.

சரி, இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் வங்கியில் லோன் கேட்கும்போது நீட்டுகிறார்கள். அதைவிடக் கூர்மையான பயன் ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்றால் வட்டி 18 சதவீதம். சட்டம் வந்து இருபது ஆண்டு ஆகிறது. கொங்கு நாட்டில் 90 நாள், 120 நாள் கிரெடிட் என்பது இன்றும் சாதாரணப் பேச்சு.

இதற்கான இணையப் புகார்த் தளம் 'எம்எஸ்எம்இ சமாதான்'. 2017 அக்டோபரில் தொடங்கியது. உத்யம் எண்ணைப் போட்டு, பில் விவரத்தை ஏற்றினால் புகார் மாநிலத்தின் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நான்கு இடங்களில் இந்தக் குழுக்கள் இருக்கின்றன. குழு கொடுத்த தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பலமான ஆயுதம் சிறுதொழிலுக்கு இல்லை. எடுப்பவர்கள்தான் குறைவு. புகார் கொடுத்த மறுநாளிலிருந்து அந்தப் பார்ட்டியின் ஆர்டர் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் தொடர்பு அறுந்துபோன பிறகே, பாக்கி வாராக் கடனாகிவிட்ட பிறகே, சமாதானுக்கு வருகிறார்கள். இது தளத்தின் குறை இல்லை. இணையத்தில் எத்தனை படிவம் வைத்தாலும் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் இருக்கும் பலம் மாறாது.

அந்தப் பலத்தைக் கொஞ்சம் அசைத்தது வருமான வரிச் சட்டத்தில் வந்த திருத்தம். 43பி பிரிவில் சேர்ந்த புதிய விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை, கொடுத்து முடித்த ஆண்டில்தான் வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியும். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் சப்ளையர்களுக்கு வரிசையாக மெயில் அனுப்பின: உங்களுக்கு உத்யம் இருக்கிறதா, எந்த வகை, சான்றிதழை அனுப்புங்கள். சான்றிதழ் பிரவுசிங் சென்டரில் இருந்தவர்கள் ஓடினார்கள். இன்னொரு பக்கம், உத்யம் இல்லாதவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்று சில வாங்குபவர்கள் யோசித்தார்கள் என்ற கவலையும் ஜவுளிச் சந்தைகளில் எழுந்தது. வணிகர்களுக்கு இந்த விதியில் பங்கில்லை. மொத்த, சில்லறை வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்துக்கொண்டபோதே, அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் என்று அரசு சொல்லிவிட்டது. ஈரோட்டில் துணி வாங்கி விற்பவர் உத்யம் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டினாலும் 45 நாள் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

ஜிஎஸ்டி தளத்துக்கு வருவோம். திட்டுவதற்கு ஆயிரம் காரணம் உள்ள தளம். 2017 ஜூலையில் தொடங்கியபோது கடைசித் தேதிகளில் அது முடங்கிய கதை எல்லா ஆடிட்டர் அலுவலகத்திலும் இருக்கும். இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் அதில் உள்ள மிகப் பயனுள்ள வசதிகளை, அதற்காகப் பணம் கொடுக்கும் முதலாளி பார்த்ததே இல்லை.

ஒன்றைச் சொல்லலாம். லாகின் எதுவும் இல்லாமல், யாருடைய ஜிஎஸ்டி எண்ணை வேண்டுமானாலும் அந்தத் தளத்தில் போட்டுத் தேடலாம். நிறுவனத்தின் பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, எந்த மாத ரிட்டர்னை எந்தத் தேதியில் போட்டார் என்பது வரை வரும். புதிய பார்ட்டி ஒருவர் வந்து பெரிய ஆர்டர் பேசுகிறார், கிரெடிட் கேட்கிறார் என்று வையுங்கள். அவர் சந்தையில் எப்படி என்று நாலு பேரிடம் விசாரிப்பது நம் வழக்கம். அதோடு இந்தப் பக்கத்தையும் திறந்து, தொடர்ந்து ரிட்டர்ன் போடுகிறவரா, மாதக்கணக்கில் விட்டுவிட்டு மொத்தமாகப் போடுகிறவரா என்று பார்த்துக்கொள்ளலாம். வரியைக் கடைசித் தேதிக்குள் கட்டாதவர் உங்கள் பாக்கியை மட்டும் கட்டிவிடுவார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. உங்களையும் அப்படியே பார்க்கிறார்கள். 2022 ஜனவரி முதல், விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டினால்தான் வாங்கியவர் அதற்குக் கட்டிய வரியை இன்புட்டாகக் கழித்துக்கொள்ள முடியும். மாதாமாதம் 14ஆம் தேதி வாக்கில் தயாராகும் 2பி என்ற பட்டியலில் அது தெரியும். திருப்பூரில் ஒரு டீ-ஷர்ட் உருவாவதற்குள் நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி என்று எத்தனை யூனிட் கை மாறுகிறது! ஒவ்வொன்றும் ஒரு பில். நடுவில் ஒரு பிரின்டிங் யூனிட்டின் ரிட்டர்ன் தாமதமானால், "உங்க பில் 2பியில வரல, பேமென்ட் நிக்குது" என்று ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும். யூனிட்காரர் ஆடிட்டருக்கு அடிப்பார். ஆடிட்டர் அலுவலகப் பெண், "சார் லீவுல இருக்காருங்க" என்பார். பல யூனிட்களில் பணம் நிற்பதற்குக் காரணம் வேலையின் தரம் இல்லை, அந்த லீவுதான். தன் ரிட்டர்ன் போயிற்றா இல்லையா என்று பார்க்க முதலாளிக்கு லாகின்கூட வேண்டாம். தன் எண்ணையே மேலே சொன்ன இடத்தில் போட்டுத் தேடினால் போதும்.

வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். அப்படிப்பட்ட வெற்று ரிட்டர்னுக்காக 2020 ஜூனில் எஸ்எம்எஸ் வசதி கொண்டுவந்தார்கள். பதிவு செய்த போனிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு ஒரு செய்தி, திரும்பி வரும் ஆறு இலக்கக் குறியீட்டை உறுதிசெய்து இன்னொரு செய்தி. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வேண்டாம், இணையம்கூட வேண்டாம். சீசன் வியாபாரம் செய்பவர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற வசதி. ஒரே நிபந்தனை, பதிவு செய்த போன் உங்களுடையதாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை.

இ-வே பில்லிலும் இதே கதை. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலும் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். சிவகாசியில் காலண்டர், டைரி லோடு ஏற்றும் சீசனில் லாரி வாசலில் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும். தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் போடாவிட்டால் தளம் இ-வே பில் எடுக்க விடாது. லாரி நிற்கும், டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார், அச்சக முதலாளியான அண்ணாச்சி அப்போதுதான் தன் ரிட்டர்ன் நிலுவையைத் தெரிந்துகொள்வார்.

பில் போடும் மென்பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சந்தை அவற்றைத் தானே பழகிக்கொண்டது. 1986இல் கோயங்கா குடும்பம் தொடங்கிய நிறுவனத்தின் டாலி, 'டாலி தெரிந்த பெண் தேவை' என்று கடை வாசலில் அட்டை தொங்கும் அளவுக்கு ஊருக்குள் வந்துவிட்டது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் ஜோஹோவின் கணக்கு மென்பொருள், பெங்களூரில் உருவான வியாபார் போன்ற போன் செயலிகள் என்று தேர்வுகளும் நிறைய. எதை வாங்கினாலும் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போக நினைத்தால் என் கணக்கு முழுவதையும் எக்ஸெல்லாக எடுத்துக்கொண்டு போக முடியுமா? விலையைவிட இந்தப் பதில் முக்கியம். பலருடைய டாலி டேட்டா இன்றும் ஆடிட்டர் அலுவலகக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை பேக்கப் கேட்டு வாங்கினால் எந்த ஆடிட்டரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

அடுத்து கடையின் இணைய முகம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். மேப்பில் கடை தெரிவது, நேரம், போட்டோ, விமர்சனம் எல்லாம் அதற்குள் வரும். ஒரு காலத்தில் அதற்குள்ளேயே இலவசமாக ஒரு சின்ன வெப்சைட்டும் செய்து கொடுத்தார்கள். சொந்தமாக வெப்சைட் வைக்கச் செலவழிக்க முடியாத கடைகள் அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டன. 2024 மார்ச்சில் கூகுள் அந்த வெப்சைட்களை எல்லாம் மூடிவிட்டது. பழைய முகவரியைத் தட்டியவர்களை ஜூன் மாதம் வரைக்கும் கடையின் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள், அதன் பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டு மட்டும் மிச்சம். இலவசமாகக் கொடுத்தவரை நொந்து பயனில்லை. வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் உங்கள் நோட்டிலோ கம்ப்யூட்டரிலோ தனியாக இருந்தால், எந்தத் தளம் மூடினாலும் மறுநாள் கடை திறக்கலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் 2018இல் வந்தது. பொருள்களின் படமும் விலையும் போட்டு வைக்கும் கேட்டலாக் அடுத்த ஆண்டு வந்தது. சுயசேவை என்ற சொல்லுக்கு உண்மையாகவே பொருந்துவது இதுவும் யுபிஐ கியூஆர் அட்டையும்தான். இரண்டையும் தெருவோரப் பூக்கடை அக்கா யாரிடமும் கேட்காமல் தானே இயக்குகிறார். காரணம் எளிது: இரண்டும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் செய்கின்றன, இரண்டும் அவர் போனிலேயே இருக்கின்றன, 2020 ஜனவரி முதல் யுபிஐயில் வியாபாரிக்குக் கட்டணமும் கிடையாது. 2025 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரே மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனைகள் 2000 கோடியைத் தாண்டின. இவ்வளவு பேருக்குப் பழக்கிக் கொடுக்க எந்த இ-சேவை மையமும் தேவைப்படவில்லை.

அதற்கு நேரெதிராக ஓஎன்டிசியைச் சொல்லலாம். அமேசான், ஃபிளிப்கார்ட்டை நம்பியிராமல் சிறு கடைகள் இணையத்தில் விற்கட்டும் என்று மத்திய அரசு முன்னெடுத்த திறந்த வலையமைப்பு. 2022 ஏப்ரலில் வெள்ளோட்டம் விட்ட ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. யோசனை அருமையானது. ஆனால் கடைக்காரர் ஒரு விற்பனைச் செயலி வழியாகச் சேர வேண்டும், வாங்குகிறவர் வேறொரு செயலியில் இருப்பார், டெலிவரி மூன்றாவது ஒருவருடையது. பொருள் வரவில்லை என்றால் யாரைப் பிடிப்பது என்று கடைக்காரருக்கே விளங்காத ஒன்றை அவர் எப்படி வாடிக்கையாளருக்குப் பரிந்துரைப்பார்?

கடன் விஷயத்தில் விளம்பரத்துக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் இன்னும் அதிகம். 2018 நவம்பரில் பிரதமர் தொடங்கிவைத்த '59 நிமிடத்தில் கடன்' தளம் நினைவிருக்கும். ஜிஎஸ்டி விவரம், வருமான வரி ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் வைத்து 59 நிமிடத்துக்குள் ஒரு பதில் வரும். ஆனால் அது கொள்கையளவிலான ஒப்புதல் மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் மேனேஜர் தன் வழக்கமான கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பிப்பார். பணம் கைக்கு வர நாள் கணக்கு, சில இடங்களில் வாரக் கணக்கு. தளத்தைக் குற்றம் சொல்வதைவிட அதன் பெயரைக் குற்றம் சொல்லலாம்.

அவ்வளவாக விளம்பரம் இல்லாத டிரெட்ஸ் பெரிய நிறுவனங்களுக்குச் சப்ளை செய்பவர்களுக்கு நல்ல கருவி. விற்றவர் பில்லை ஏற்றுகிறார், வாங்கிய நிறுவனம் சரி என்று ஒப்புக்கொள்கிறது, வங்கிகள் அந்த பில்லுக்கு ஏலம் கேட்கின்றன, குறைந்த வட்டி சொன்னவரிடமிருந்து ஓரிரு நாளில் பணம். முக்கியமான விஷயம், பிறகு வாங்கியவர் வங்கிக்குப் பணம் தராவிட்டாலும் வங்கி விற்றவரிடம் வந்து கேட்க முடியாது. 2017இல் ஆர்எக்ஸ்ஐஎல் என்ற தளத்தோடு இது நடைமுறைக்கு வந்தது. முன்பு 500 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ள நிறுவனங்கள் பதிய வேண்டும் என்றிருந்ததை இப்போது 250 கோடியாக இறக்கிவிட்டார்கள். ஆனால் பதிவது மட்டும்தான் கட்டாயம். பதிந்துவிட்டு பில்லை ஒப்புக்கொள்ளாமல் சும்மா இருப்பதை யாரும் தடுக்கவில்லை. உங்கள் பெரிய பார்ட்டி பதிந்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

சில்லறையாகத் தெரியும் இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். மசாலாப் பொடியோ கடலை மிட்டாயோ சொந்தப் பெயரில் விற்பவர் டிரேட்மார்க்குக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். உத்யம் சான்றிதழ் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அது 4,500 ரூபாய்தான். ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணை 500 ரூபாய் கட்டி இணையத்திலேயே எடுக்கலாம். பலரும் எடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2021 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விவரம் மாறாவிட்டாலும் உள்ளே போய் உறுதிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் முடங்கும். கன்டெய்னர் தூத்துக்குடியில் நிற்கும்போது இதைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. நினைவூட்டும் மெயில் யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாக் கதையும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. இந்தத் தளங்களில் கையெழுத்து என்பது ஓடிபிதான். ஜிஎஸ்டி ரிட்டர்னைப் பல சிறு நிறுவனங்கள் ஓடிபி போட்டே சமர்ப்பிக்கின்றன. அந்த ஓடிபி ஆடிட்டர் போனுக்கு வந்தால், உங்கள் பெயரில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். நேர்மையான ஆடிட்டர்கள்தான் அதிகம், அவர்களே இதை விரும்புவதுமில்லை. ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் "சார், ஓடிபி சொல்லுங்க" என்று நாற்பது கிளையன்ட்டுக்குப் போன் போட அலுத்துப்போய்த்தான் தங்கள் எண்ணைப் போட்டுக்கொண்டார்கள். கிளையன்ட்டுகளும் அதைத்தான் கேட்டார்கள். இந்தப் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பதும் ஒரு காரணம். 'இன்எலிஜிபிள் ஐடிசி ரிவர்சல்' என்று ஒரு கட்டத்தில் எழுதியிருந்தால் பத்தாவது படித்த தொழிலாளி-முதலாளி அங்கேயே போனை மூடிவைத்துவிடுவார். பத்திரப் பதிவுக்கும் நில ஆவணங்களுக்கும் தமிழில் தளம் நடத்தத் தெரிந்த நாட்டில், வரிப் படிவத்தைத் தமிழில் தர முடியாது என்பதை ஏற்பதற்கில்லை.

விபத்து வேறு வழிகளில் வருகிறது. ஆடிட்டர் இறந்துபோகிறார், அல்லது அவரோடு மனஸ்தாபம். பிரவுசிங் சென்டர் கடையை மூடிவிட்டுப் போகிறது. யாரோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் செயலிழந்து, சில மாதத்தில் வேறொருவருக்கு ஒதுக்கப்படுகிறது. துறை அனுப்பிய நோட்டீஸ் தளத்துக்குள்ளேயே கிடந்து, பதில் வராததால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்து, வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் முதலாளிக்குச் சேதி தெரிகிறது. இன்னும் மோசமானது, கூலித் தொழிலாளிகளின் பான், ஆதாரை வைத்து யாரோ நிறுவனம் தொடங்கி, அவர்கள் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வருவது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்தெல்லாம் இப்படிச் செய்திகள் வந்தன. கடன் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி வாங்கிய ஆதார் நகலும் ஒரு ஓடிபியும் போதுமானதாக இருந்திருக்கிறது.

சரிசெய்வது கஷ்டமில்லை. ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவரின் போன், மெயில் இரண்டையும் மாற்றுவதற்கு அதிகாரியின் அனுமதி தேவையில்லை. உள்ளே போய்த் திருத்தினால் புதிய எண்ணுக்கும் மெயிலுக்கும் ஓடிபி வரும், முடிந்தது. ஆடிட்டரிடமே, "எண்ணை மட்டும் என்னுதா மாத்திக் குடுங்க, வேலைய நீங்களே பாருங்க" என்று சொல்லலாம். பழைய ஆளைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் உங்கள் சரக வரி அலுவலகத்துக்கு அடையாளச் சான்றும் நிறுவன ஆவணமும் எடுத்துக்கொண்டு போனால் அதிகாரி தன் பக்கத்திலிருந்து மாற்றித் தருவார். உத்யம், ஐஇசி, உணவு உரிமம், கூகுள் புரொஃபைல் ஒவ்வொன்றிலும் எந்த மெயில் இருக்கிறது என்று பார்த்து, நிறுவனத்துக்கென்று ஒரே மெயிலும் ஒரே எண்ணும் வைத்து அவற்றுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எண் வீட்டில் ஒரு பழைய பட்டன் போனில் இருந்தாலும் போதும், ரீசார்ஜ் மட்டும் விடக் கூடாது. ஆதாரோடு இணைந்த எண் எது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடும் பக்கம் ஒன்று உண்டு. லாகின் வேண்டாம், காசு வேண்டாம். உங்கள் பான் எண்ணில் இந்தியா முழுவதும் எத்தனை ஜிஎஸ்டி பதிவுகள் இருக்கின்றன என்று அது காட்டும். உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள், வீட்டில் உள்ளவர்களுடையதையும் உங்களிடம் வேலை செய்பவர்களுடையதையும் போட்டுப் பாருங்கள். தெரியாத எண் ஏதாவது வந்தால், ஜிஎஸ்டியின் புகார்த் தளத்தில் பதிவு செய்துவிட்டு, அந்த ரசீதோடு வரி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிடுங்கள்.